ஒரு பழக்கம் எப்படிப் பரவுகிறது? சமூக வலையமைப்பில் பரவலை மாதிரியாக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு வதந்தி சாயங்காலத்துக்குள் எல்லோர் காதிலும் விழுந்துவிடுகிறது. தினமும் நடைப்பயிற்சி போவது, புதிய விதை ரகத்துக்கு மாறுவது, கட்சி மாறுவது எல்லாம் வருடக்கணக்கில் நகராமல் கிடக்கின்றன. இரண்டும் அதே மனிதர்கள், அதே உறவுகள் வழியாகத்தான் போகின்றன. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

என் பதில் இதுதான்: வலையமைப்பின் வடிவம் பாதிதான். ஒருவர் மாற எத்தனை பேர் மாறியிருக்க வேண்டும் என்ற விதி மீதிப் பாதி. அந்த விதியைத் தவறாக எடுத்துக்கொண்டால், எவ்வளவு பெரிய தரவு கையில் இருந்தாலும் மாதிரி (பரவலைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் அமைப்பு) நேர் எதிரான விடையைத் தரும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் மென்பொருளைவிட விதிக்கும், விதியைச் சரிபார்ப்பதற்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: பரவுவது எது என்று எழுதி வையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: "ஒருவர் இதை ஏற்றுக்கொண்டார் என்று நான் எப்போது சொல்வேன்?" ஒரு செயலி என்றால், அதை இறக்கிக்கொண்டதா, ஒருமுறை திறந்ததா, மூன்று மாதம் கழித்தும் பயன்படுத்துவதா? இந்த மூன்றும் ஒரே மாதிரி பரவுவதில்லை.

அடுத்தது நிலைகள். தொற்றுநோய்க்காக கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-இல் எழுதிய மாதிரியில் மூன்று நிலைகள்: நோய் வரக்கூடியவர், நோயுள்ளவர், மீண்டவர். பலர் இதை அப்படியே எடுத்துக் கருத்துகளுக்கும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் நோயிலிருந்து மீள்வது உடம்பின் வேலை. பேச்சு நிற்பதற்குக் காரணம் வேறு. டேலி, கெண்டல் இருவரும் 1964-இல் வதந்திக்கென்று தனி மாதிரி அமைத்தார்கள். அதில், வதந்தியைச் சொல்லிக்கொண்டிருப்பவர் ஏற்கெனவே அதைக் கேட்டுவிட்ட இன்னொருவரைச் சந்தித்தால் சொல்வதை நிறுத்திவிடுகிறார். "இது பழைய செய்தி" என்று தெரிந்ததும் யாருக்கும் ஆர்வம் போய்விடும் அல்லவா, அதுதான். எல்லோரும் எல்லோரோடும் கலந்து பழகும் பெரிய கூட்டத்தில்கூட, கடைசியில் சுமார் 20% பேருக்கு அந்த வதந்தி எட்டுவதே இல்லை என்று கணக்கு காட்டுகிறது. நிலைகளை மனித நடத்தைக்கு ஏற்றபடி அமைத்ததால் கிடைத்த விடை இது.

தெரிந்திருப்பதையும் செய்வதையும் பிரித்து வைப்பது நல்லது. பானர்ஜி, சந்திரசேகர், டஃப்லோ, ஜாக்சன் ஆகியோர் கர்நாடகக் கிராமங்களில் சிறுகடன் திட்டம் பரவியதை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல சான்று. திட்டத்தில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட ஏழு மடங்கு அதிகமாகத் தகவலைக் கடத்தினார்கள். ஆனாலும் மொத்தப் பரவலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, சேராதவர்கள் சொன்னதால் நடந்தது. இரண்டு நிலை மட்டும் வைத்திருந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கு கண்ணில் பட்டிருக்காது. ஆகவே குறைந்தது நான்கு நிலைகள் யோசியுங்கள்: தெரியாதவர், தெரிந்தவர், செய்பவர், விட்டுவிட்டவர். தேவையில்லாததைப் பிறகு நீக்கலாம்.

படி 2: யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள்

வலையமைப்பு என்பது புள்ளிகளும் கோடுகளும்தான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நபர், ஒவ்வொரு கோடும் ஓர் உறவு. சிக்கல், எந்த உறவைக் கோடாக வரைவது என்பதில். கைப்பேசியில் எண் இருப்பதா, வாரம் ஒருமுறை பேசுவதா, கடன் கேட்கும் அளவுக்கு நெருக்கமா? நீங்கள் ஆராயும் விஷயம் எந்த உறவு வழியாகப் போகுமோ அதை மட்டும் எடுங்கள். தனிப்பட்ட உடல்நலப் பழக்கம் ஒன்று, சமூக ஊடகத்தில் வெறுமனே பின்தொடரும் உறவு வழியாகப் போகும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

கேள்வித்தாள் வழியாகத் தரவு எடுக்கும்போது, "உங்கள் நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேரைச் சொல்லுங்கள்" என்று கேட்பது வழக்கம். அப்படிக் கேட்டால் நாற்பது நண்பர்கள் உள்ளவரும் ஐந்து பேரைத்தான் சொல்வார். அதிக இணைப்புள்ளவர்கள் தரவிலிருந்தே மறைந்துபோவார்கள். முடிந்தால் எண்ணிக்கை வரம்பு வைக்காமல் கேளுங்கள். முடியாவிட்டால், அந்த வெட்டு இருக்கிறது என்பதை முடிவுகளோடு சொல்லிவிடுங்கள். உறவுக்குத் திசை உண்டா என்பதையும் பாருங்கள்: நான் ஒருவரைப் பின்தொடர்ந்தால் அவர் சொல்வது எனக்கு வரும், நான் சொல்வது அவருக்குப் போகாது.

சொந்தத் தரவு இல்லையா? பரவாயில்லை. செயற்கை வலையமைப்புகளில் தொடங்கலாம். வாட்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் 1998-இல் தந்த வடிவத்தில் எல்லோரும் அக்கம்பக்கத்தாரோடு நெருக்கமாக இணைந்திருப்பார்கள், ஆங்காங்கே ஒரு நீண்ட இணைப்பு ஓடும். பராபாசி, ஆல்பர்ட் 1999-இல் தந்த வடிவத்தில் சிலருக்கு மட்டும் ஏராளமான இணைப்புகள் இருக்கும். கைப்பழக்கத்துக்கு, ஸக்கரி 1977-இல் பதிவு செய்த கராத்தே சங்கத் தரவு போதும்: 34 பேர், 78 உறவுகள். அடுத்து ஸ்டான்ஃபோர்டின் பொதுத் தரவுத் தொகுப்பில் உள்ள ஃபேஸ்புக் நட்பு வலையமைப்பு: 4,039 பேர், 88,234 இணைப்புகள். சாதாரண மடிக்கணினியே இதைத் தாங்கும்.

படி 3: பரவல் விதி

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதைத்தான் சார்ந்திருக்கின்றன.

முதல் வகை எளிய தொற்று. ஒருவர் சொன்னாலே போதும். ஒவ்வொரு தொடர்பும் ஒரு தனி வாய்ப்பு. ஒரு நண்பர் சொல்லி நீங்கள் மாறும் வாய்ப்பு 0.1 என்றால், மூன்று நண்பர்கள் தனித்தனியாகச் சொல்லும்போது நீங்கள் மாறும் வாய்ப்பு 1 − (0.9 × 0.9 × 0.9) = 0.271. ஒவ்வொரு கூடுதல் நண்பரும் முந்தியவரைவிடக் கொஞ்சம் குறைவாகவே சேர்க்கிறார்.

இரண்டாவது வகை வரம்பு விதி. குறைந்தது இத்தனை பேர் மாறினால்தான் நான் மாறுவேன். கிரானோவெட்டர் 1978-இல் ஒரு கணக்குச் சொன்னார். கூட்டத்தில் 100 பேர். ஒருவர் யாருக்கும் காத்திராமல் கலவரத்தில் இறங்குவார், வரம்பு 0. அடுத்தவர் ஒருவர் இறங்கினால் இறங்குவார், வரம்பு 1. அடுத்தவருக்கு 2, இப்படி 99 வரை. முதலாமவர் இறங்கியதும் ஒருவர் பின் ஒருவராக 100 பேரும் கலவரத்தில். இப்போது வரம்பு 1 உள்ளவரின் வரம்பை மட்டும் 2 ஆக்குங்கள். ஒரே ஒருவர் கல்லெறிந்துவிட்டு நிற்பார், வேறு எவரும் அசையமாட்டார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் கூட்டம் வெறிபிடித்தது, இரண்டாவது கூட்டம் அமைதியானது என்று தோன்றும். உண்மையில் 99 பேர் அச்சு அசலாக ஒன்றே. சராசரியை மட்டும் வைத்து மாதிரி கட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த இரண்டு விதிகளும் ஒரே வலையமைப்பில் எப்படி எதிரெதிராகப் போகின்றன என்பதைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு வட்டம் போட்டு, கடிகார எண்கள் போல 1 முதல் 12 வரை ஆட்களை வையுங்கள். ஒவ்வொருவரும் இடப்பக்கம் இரண்டு பேர், வலப்பக்கம் இரண்டு பேர் என நால்வரோடு இணைந்திருக்கிறார்கள். மொத்தம் 24 இணைப்புகள். தொடக்கத்தில் 1, 2 இருவரும் மாறியிருக்கிறார்கள்.

எளிய தொற்று விதியில் (ஒருவர் போதும்) முதல் சுற்றில் 3, 4, 11, 12 மாறுகிறார்கள். இரண்டாவது சுற்றில் 5, 6, 9, 10. மூன்றாவது சுற்றில் 7, 8. மூன்று சுற்றில் வேலை முடிந்தது.

வரம்பு 2 என்று வையுங்கள். 3-க்கு 1, 2 இருவரையும் தெரியும், அவர் மாறுகிறார். 12-க்கும் அப்படியே. 4-க்கு 2-ஐ மட்டும்தான் தெரியும், ஆகவே காத்திருக்கிறார். 3 மாறியதும் அடுத்த சுற்றில் மாறுகிறார். இப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேர் வீதம், ஐந்தாவது சுற்றில் 12 பேரும் மாறிவிடுகிறார்கள். மெதுவாக, ஆனால் முழுமையாக.

இப்போது இரண்டே இரண்டு இணைப்புகளை மாற்றுங்கள். 1-க்கும் 3-க்கும் இடையிலான கோட்டை அழித்து, 1-ஐ எதிர்ப்பக்கத்து 7-ஓடு இணையுங்கள். 2-க்கும் 12-க்கும் இடையிலான கோட்டை அழித்து, 2-ஐ 8-ஓடு இணையுங்கள். இணைப்புகள் அதே 24.

எளிய தொற்று இப்போது இரண்டே சுற்றில் முடிகிறது. நீண்ட இணைப்புகள் அதை வேகப்படுத்திவிட்டன. வரம்பு 2 விதியில் என்ன ஆகிறது? 3-க்கு 2-ஐ மட்டும் தெரியும். 12-க்கு 1-ஐ மட்டும். 4, 11, 7, 8 எல்லோருக்கும் மாறியவர்களில் தலா ஒருவரைத்தான் தெரியும். ஒருவர்கூட மாறுவதில்லை. செய்தியை வேகப்படுத்திய அதே மாற்றம் பழக்கத்தை அங்கேயே நிறுத்திவிட்டது.

சென்டோலா, மேசி இருவரும் 2007-இல் இதை முறையாக எழுதினார்கள். தூரத்து அறிமுகங்கள்தான் புதிய தகவலைக் கொண்டுவரும் என்று கிரானோவெட்டர் 1973-இல் சொன்னது தகவலைப் பொறுத்தவரை சரி. ஆதரவும் நம்பிக்கையும் தேவைப்படும் நடத்தைக்கு அந்தத் தூரத்து இணைப்பு போதாது. சென்டோலா 2010-இல் இதை ஆட்களை வைத்தே சோதித்தார். இணையத்தில் ஓர் உடல்நல மன்றம் அமைத்து, 1,528 பேரைக் கொத்துக் கொத்தான (அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் இணைந்த) வலையமைப்பிலும் சிதறிய வலையமைப்பிலும் தற்செயலாகப் போட்டார். கொத்தான அமைப்பில் சுமார் 54% பேர் சேர்ந்தார்கள், சிதறிய அமைப்பில் சுமார் 38%.

உங்கள் விஷயத்துக்கு எந்த விதி? மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மாறினால் பணமோ மானமோ போகும் ஆபத்து உண்டா? நான் மட்டும் மாறிப் பயனில்லை, மற்றவர்களும் மாறினால்தான் பயன் என்ற நிலையா? செய்தால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கம் உண்டா? ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் வரம்பு விதியையும் சேர்த்துச் சோதியுங்கள். வரம்பை எண்ணிக்கையாக வைப்பதா விகிதமாக வைப்பதா என்பதும் முக்கியம். "நண்பர்களில் கால்வாசி" என்றால் நான்கு நண்பர்கள் உள்ளவருக்கு ஒருவர் போதும். 200 நண்பர்கள் உள்ளவருக்கு 50 பேர் தேவை. விகித விதியில் அதிக இணைப்புள்ளவர்கள்தான் கடைசியில் நகர்வார்கள்.

மாறிய நண்பர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களா என்பதும் சில இடங்களில் கணக்கில் வரும். ஃபேஸ்புக் அழைப்புகளை ஆராய்ந்த உகாண்டர் குழு 2012-இல் கண்டது: எத்தனை நண்பர்கள் என்பதைவிட, அவர்கள் எத்தனை தனித்தனி வட்டங்களிலிருந்து வருகிறார்கள் என்பதே சேரும் வாய்ப்பை நன்றாகச் சொன்னது.

கருத்து என்பது ஆம், இல்லை என்று இரண்டு நிலையில் அடங்காவிட்டால் வேறு மாதிரிகள் உண்டு. டிகிரூட் 1974-இல் தந்ததில் ஒவ்வொருவரும் தன்னைச் சுற்றியுள்ளவர்களின் கருத்தைச் சராசரி எடுத்துக்கொள்கிறார்கள். டெஃப்வான் குழு 2000-இலும், ஹெக்செல்மன், கிராவ்ஸே 2002-இலும் தந்தவற்றில் தன் கருத்துக்கு ஓரளவு அருகில் இருப்பவர்கள் பேச்சை மட்டும் கேட்கிறார்கள். கூட்டம் முகாம்களாகப் பிரிவது அதில் தானாகவே வந்துவிடுகிறது.

படி 4: விதைகளும் கடிகாரமும்

முதலில் மாறியவர்கள், அதாவது விதைகள், யார், எத்தனை பேர், அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்களா, சிதறியிருக்கிறார்களா என்று முடிவு செய்யுங்கள். முதலில் போட்ட அதே வட்டத்தில், வரம்பு 2 விதியில், 1, 2 இருவருக்குப் பதிலாக 1-ஐயும் 7-ஐயும் விதையாக்கினால் கதை வேறு மாதிரி போகும். நீங்களே செய்து பாருங்கள்.

கடிகாரம் இரண்டு வகை: எல்லோரும் ஒரே சுற்றில் முடிவெடுப்பது, அல்லது தற்செயலாக ஒருவர் பின் ஒருவராக முடிவெடுப்பது. மாறியவர் திரும்பவே மாட்டார், வரம்பும் நிலையானது என்றால் எந்த வரிசையில் ஓட்டினாலும் கடைசி விடை ஒன்றுதான். வேகம் மட்டும் வேறுபடும். ஆனால் பழக்கத்தை விட்டுவிடவும் வழி வைத்திருந்தால் வரிசை விடையையே மாற்றும். அப்போது இரண்டு கடிகாரத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

படி 5: பலமுறை ஓட்டுங்கள்

பைத்தான் தெரிந்தவர்களுக்கு நெட்வொர்க்எக்ஸ் என்ற நூலகமும், பரவல் விதிகள் தயாராக உள்ள என்டிலிப் நூலகமும் இருக்கின்றன. ஐகிராஃப், பைத்தானிலும் ஆர் மொழியிலும் கிடைக்கும். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் நெட்லோகோவில் தொடங்கலாம். பரவுவதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம். நிரலின் வேலை சின்னதுதான்: மாறாத ஒவ்வொருவருக்கும் மாறிய நண்பர்களை எண்ணு, விதியைப் பார், புதிதாக மாறியவர்களைக் குறித்துக்கொள், சுற்று முடிந்ததும் நிலைகளை ஒன்றாகப் புதுப்பி, எவரும் மாறாத சுற்று வந்தால் நிறுத்து. நிலைகளைச் சுற்றின் நடுவிலேயே புதுப்பிப்பது அடிக்கடி வரும் பிழை. மேலே உள்ள 12 பேர் வட்டத்தை உங்கள் நிரலில் கொடுங்கள். மூன்று, ஐந்து, இரண்டு சுற்று, பிறகு தேக்கம் என்று வராவிட்டால் நிரலில் கோளாறு.

ஒருமுறை ஓட்டிய விடையை நம்ப வேண்டாம். ஆயிரம் முறை ஓட்டி, ஒவ்வொன்றிலும் கடைசியில் எத்தனை பேர் மாறினார்கள் என்று வரைபடம் போடுங்கள். பெரும்பாலும் இரண்டு குன்றுகள் தெரியும்: பல ஓட்டங்கள் தொடக்கத்திலேயே அணைந்திருக்கும், சில ஓட்டங்கள் எல்லோரையும் எட்டியிருக்கும். இரண்டையும் கலந்து "சராசரியாக 30% பேர்" என்று எழுதினால், எந்த ஓட்டத்திலும் நடக்காத ஒன்றை எழுதுகிறீர்கள். வாட்ஸ் 2002-இல் காட்டியது இதுவே: ஒரே நண்பர் மாறினாலே மாறிவிடக்கூடியவர்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பாக அமைந்திருந்தால்தான் பெரும் பரவல் பிடிக்கிறது, அது அரிதாகவே வரும், வந்தால் மிகப் பெரிதாக வரும்.

படி 6: உண்மைத் தரவோடு ஒப்பிடுங்கள், இங்கேதான் கண்ணி இருக்கிறது

மாதிரி தரும் வளைகோடு தரவின் வளைகோட்டோடு அழகாகப் பொருந்திவிட்டால் மனம் குளிர்ந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, பிறகு அடங்கும் அந்த வளைகோடு எதிலிருந்தும் வரலாம். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோளம் பரவியதை ரையான், கிராஸ் 1943-இல் எழுதியபோது, 259 விவசாயிகளில் 257 பேர் மாறியிருந்தார்கள், வளைகோடும் அதே வடிவம். பாஸ் 1969-இல் அந்த வடிவத்துக்கு, வெளியிலிருந்து வரும் தாக்கம், மற்றவர்களைப் பார்த்து மாறுவது என்று இரண்டு அளவுருக்களோடு (தரவுக்கு ஏற்றபடி பொருத்தும் எண்களோடு) சமன்பாடு தந்தார். வடிவம் மட்டும் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறினார்கள் என்பதற்குச் சான்றாகாது. டெட்ராசைக்ளின் மருந்தை மருத்துவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதாக 1957-இல் வெளிவந்த ஆய்வு பல பத்தாண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. வான் டென் பல்ட், லிலியன் 2001-இல் மருந்து நிறுவனங்களின் விளம்பர அளவைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொற்று விளைவு காணாமல் போனது.

இதைவிடப் பெரிய கண்ணி, இனம் இனத்தோடு சேருவது. நண்பர்கள் ஒன்றுபோல் நடப்பது ஒருவரை ஒருவர் பார்த்தா, அல்லது ஒன்றுபோல் இருப்பதால்தான் நண்பர்களானார்களா? கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் இருவரும் 12,067 பேரை 32 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை வைத்து, நண்பர் உடல் பருத்தால் ஒருவர் பருக்கும் வாய்ப்பு 57% கூடுகிறது என்று 2007-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கோஹன்-கோல், ஃபிளெட்சர் அதைப் போன்ற முறையை வைத்து முகப்பரு, தலைவலி, உயரம் ஆகியவையும் நண்பர்களிடையே "பரவுவதாக" காட்டினார்கள். உயரம் எப்படித் தொற்றும்? பார்த்து மட்டும் எடுத்த தரவில் இந்த இரண்டையும் பொதுவாகப் பிரிக்கவே முடியாது என்று ஷாலிசி, தாமஸ் 2011-இல் நிறுவினார்கள். அரால் குழு 2.74 கோடி இணையப் பயனர்களின் தரவில், தொற்று போலத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இந்த ஒற்றுமையால் வந்தது என்று 2009-இல் கண்டது.

அப்படியானால் என்ன செய்வது? முடிந்தால் சோதனை நடத்துங்கள்: யாருக்குச் செய்தி போகிறது என்பதைத் தற்செயலாக முடிவு செய்யுங்கள். 2010 அமெரிக்கத் தேர்தல் நாளில் 6.1 கோடி ஃபேஸ்புக் பயனர்களிடம் நடந்த வாக்களிப்புச் சோதனை இந்த வகை. சோதனை நடத்த முடியாதவர்கள் குலுக்கல் சோதனை செய்யலாம். யார் யார் மாறினார்கள் என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்கள் மாறிய தேதிகளை மட்டும் அவர்களுக்குள் குலுக்கிப் போடுங்கள். குலுக்கிய பிறகும் நண்பர் விளைவு அதே அளவு தெரிந்தால், அது ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறியதால் வந்தது என்று சொல்ல முடியாது. அரை நாள் வேலை. இதைச் செய்யாத பரவல் ஆய்வை நான் நம்புவதில்லை.

படி 7: எங்கே விதைப்பது

பரவலைத் தூண்ட யாரைத் தேர்ந்தெடுப்பது? கெம்பி, கிளைன்பெர்க், டார்டோஸ் 2003-இல் காட்டியபடி, மிகச் சிறந்த குழுவைக் கண்டுபிடிப்பது, பெரிய வலையமைப்பில் நடைமுறையில் கணக்கிட முடியாத அளவு கடினம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதிகமாகப் பரவலைக் கூட்டும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டே போனால், சிறந்த விடையில் குறைந்தது சுமார் 63% உறுதி. இந்த உறுதி அவர்கள் எடுத்த விதிகளுக்குத்தான். எல்லோருக்கும் வரம்பு 2 என்பது போன்ற நிலையான வரம்பு விதிக்கு இது செல்லாது. அங்கே ஒருவரையொருவர் தெரிந்த சிலரைச் சேர்த்து விதைப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வலையமைப்பே கையில் இல்லாவிட்டால் ஓர் எளிய வழி உண்டு. தற்செயலாகச் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் சொல்லும் நண்பர் ஒருவரை விதையாக்குங்கள். சராசரியாக நண்பருக்கு நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள் என்று ஃபெல்ட் 1991-இல் காட்டியது இங்கே கைகொடுக்கும். எளிய தொற்றுக்கு மட்டும் இதை நம்புங்கள்.

படி 8: பார்க்காத தரவில் சோதியுங்கள்

தரவின் முதல் பாதியை வைத்து அளவுருக்களைப் பொருத்தி, மீதியை மாதிரி முன்கூட்டிச் சொல்கிறதா என்று பாருங்கள். எளிய விதி, வரம்பு விதி, யாரும் யாரையும் பார்க்காத விதி என்று மூன்றையும் போட்டியிட விடுங்கள். மூன்றும் சமமாகப் பொருந்தினால் அதையே முடிவாக எழுதுங்கள்.

இரண்டு வகைப் பரவல்களை ஒப்பிடும்போது முதலில் அளவைச் சமப்படுத்துங்கள். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை ஓடிய சுமார் 1,26,000 செய்திப் பரவல்களை ஆராய்ந்த 2018 கட்டுரை, பொய்ச் செய்தி உண்மையைவிட ஆழமாகவும் வேகமாகவும் போவதாகச் சொன்னது. ஜூல், உகாண்டர் 2021-இல் ஒரே அளவுள்ள பரவல்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோது அந்த வடிவ வேறுபாடுகள் மறைந்துவிட்டன. பொய் அதிகம் பேரை எட்டியது உண்மை, ஆனால் அது பரவிய வடிவத்தில் தனி விசேஷம் எதுவும் இல்லை. உங்கள் தரவிலும் இந்த ஒப்பீட்டை முடித்த பிறகே, ஒன்று மற்றொன்றைவிட "வேறு விதமாகப் பரவுகிறது" என்று எழுதுங்கள்.